பிளீச்சிங் பவுடர் போட்டால் மட்டும் போதுமா?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் மட்டும் ஏறத்தாழ 50 செ.மீ. மழை. விழுப்புரம், திண்டிவனம் பகுதி மக்கள் பட்ட பாட்டை நாம் எளிதில் மறக்க முடியாது. இப்படி வெள்ளம் வடிந்ததும் நம்மில் பலர் செய்யும் முதல் வேலை, பிளீச்சிங் பவுடர் வாங்கித் தொட்டியில் கொட்டுவதுதான். நல்ல எண்ணம்தான். ஆனால் அது மட்டும் போதுமா?

இதற்கான பதிலைத் தொழிற்சாலைகளிலும் பெரிய மருத்துவமனைகளிலும் உள்ள 'கூலிங் டவர்' எனும் குளிரூட்டும் கோபுரத்திடமிருந்து கற்றுக்கொள்ளலாம். இயந்திரங்களையோ ஏசி கருவியையோ குளிர்வித்துச் சூடாகி வரும் தண்ணீரை இந்தக் கோபுரத்தின் மேலிருந்து தூறலாக விழச் செய்வார்கள். மின்விசிறி காற்றை இழுக்கும். கொஞ்சம் தண்ணீர் ஆவியாகிப் போக, மீதித் தண்ணீர் குளிர்ந்து கீழே சேரும். வெதுவெதுப்பான தண்ணீர், காற்றில் வரும் தூசி, வெயிலில் வளரும் பாசி என்று பாக்டீரியாவுக்குத் தேவையான எல்லாமே அங்கு உண்டு.

அவற்றில் ஆபத்தானது லெஜியோனெல்லா. 1976-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஓர் ஓட்டலில் முன்னாள் ராணுவத்தினர் மாநாடு நடந்தது. அதையொட்டி 200-க்கும் மேற்பட்டோர் நிமோனியா காய்ச்சலில் விழுந்தனர். 34 பேர் இறந்தனர். காரணமான கிருமி 1977 ஜனவரியில்தான் கண்டறியப்பட்டது. 2015-இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஓர் ஓட்டலின் கூலிங் டவரிலிருந்து பரவி 138 பேரைப் பாதித்து, 16 உயிர்களைப் பறித்தது. அதன் பிறகே அந்நகரம் எல்லாக் கூலிங் டவர்களையும் பதிவு செய்யச் சட்டம் போட்டது.

இந்நோய் பொதுவாக ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. கிருமியுள்ள நுண்ணிய நீர்த்துளிகளைச் சுவாசிப்பதாலேயே பெரும்பாலும் வருகிறது. முதியவர்கள், புகைப்பவர்கள், சர்க்கரை நோயாளிகள், நுரையீரல் பாதிப்புள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பென்சிலின் வகை மருந்துகள் இதற்குப் பலன் தராது என்பதால் நோயைச் சரியாகக் கண்டறிவது மிக முக்கியம்.

அப்படியானால் குளோரின் ஊற்றிக் கொன்றுவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் சிக்கல். பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதப்பதோடு நிற்பதில்லை. சுவரில் வழவழப்பான படலமாக ஒட்டிக்கொள்கின்றன. மேலே உள்ளவை குளோரினைத் தாங்கிக்கொள்ள, உள்ளே இருப்பவை தப்பித்து மீண்டும் பெருகும். தண்ணீர் ஆவியாக ஆவியாக உப்பு அடர்ந்து சுவரில் படிவதும் அவற்றுக்குப் புகலிடம் ஆகிறது. தண்ணீரின் காரத்தன்மை கூடினால் குளோரினின் வீரியமும் குறையும்.

ஆகவே முறையாகப் பராமரிப்பவர்கள் உப்படர்ந்த தண்ணீரில் ஒரு பகுதியை அவ்வப்போது வெளியேற்றி, புதுத் தண்ணீர் விடுவார்கள். உப்புப் படியாமலிருக்க மருந்து சேர்ப்பார்கள். குளோரின் அல்லது புரோமினோடு வேறு வகைக் கிருமிநாசினியையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவார்கள். நீர்த்துளிகள் வெளியே பறக்காமலிருக்கத் தடுப்புத் தகடுகள் பொருத்துவார்கள். பாக்டீரியா அளவைத் தவறாமல் சோதிப்பார்கள். குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை கோபுரத்தை நிறுத்தித் தேய்த்துக் கழுவுவார்கள். வளைகுடா நாடுகளில் ஏசி பராமரிப்பு வேலை பார்க்கும் நம் பிள்ளைகள், கூலிங் டவரைக் கழுவும்போது சாதாரணத் துணியைக் கட்டிக்கொள்ளாமல் என்95 முகக்கவசம் அணிய வேண்டும்.

இந்தப் பாடம் நம் மொட்டைமாடித் தொட்டிக்கும் பள்ளிவாசல் ஹவுளுக்கும் அப்படியே பொருந்தும். முதலில் தண்ணீரை முழுதாக வெளியேற்றி, சேற்றை அள்ளி, வழவழப்புப் போகும் வரை தேய்க்க வேண்டும். பிறகு நீர் நிரப்பி, 1000 லிட்டருக்குச் சுமார் 150 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் கரைத்த தெளிநீரை ஊற்றி, 4 மணி நேரம் விட்டுவிட்டு, முழுவதையும் வெளியேற்றிக் கழுவ வேண்டும். அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ குளிக்கவோ கூடாது. அதற்குப் பின் பயன்பாட்டுக்கு நிரப்பும் நீருக்கு 1000 லிட்டருக்கு 2.5 கிராம் போதும். ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்தலாம்.

பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டை ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சு வாயு கிளம்பும். மூடிய தொட்டிக்குள் யாரையும் தனியாக இறக்காதீர்கள். தொட்டி மூடி இறுக்கமாக இருக்கட்டும். வீட்டுப் பெரியவர்களின் நெபுலைசரில் குழாய்த் தண்ணீரை ஊற்றாதீர்கள்.

மருந்து கொட்டுவதற்கு முன் தேய்த்துக் கழுவ வேண்டும். இந்த வரிசை மாறினால் செலவும் வீண், உழைப்பும் வீண். அடுத்த மழைக்காலத்துக்கு முன் ஒரு விடுமுறை நாளை இதற்கென ஒதுக்கிக்கொண்டால் இன்ஷா அல்லாஹ் நம் வீட்டு முதியவர்களையும் குழந்தைகளையும் பாதுகாக்கலாம்.