கடலணங்கும் சுறவுக் கோடும்

கடலை நம்பி வாழும் மக்களிடையே நீருள் உறையும் பேய், பூதம், அணங்கு ஆகியவை பற்றிய கதைகள் வழங்குதல் பல நாடுகளிலும் காணப்படுவது. அவற்றை அறியாமையின் விளைவெனக் கருதி ஒதுக்குவாரும் உளர். தமிழகக் கடற்கரைக்குரிய பழஞ்செய்திகளை ஒருங்குவைத்து நோக்கின், அஞ்சத்தக்கதனையே காவலாக ஆக்கிக்கொள்ளும் நெறி அவற்றுள் இழையோடுதல் புலனாகும். அதனை ஈண்டு ஆராய்வோம்.

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தின் சிறப்பைப் பாடுவது. முழுமதி நாளில் பரதவர் மீன்வேட்டைக்குச் செல்லாது, சினைகொண்ட சுறவின் கோட்டை நட்டு, அதன்கண் வலிய அணங்கை நிறுத்தி, தாழைமலர் சூடிக் கள்ளுண்டு ஆடினர் என்பது அந்நூல் தரும் செய்தி. அணங்கு என்பது வருத்தும் ஆற்றலுடைய தெய்வம். அது சுறவின் கோட்டில் உறைவதாகக் கொள்ளப்பட்டது ஏன்?

பொதுவாகச் சுறாவிற்குக் கோடு இல்லை. ஆதலின் ஈண்டுக் கூறப்பட்டது, மீனவர் வேளா என வழங்கும் மீனே ஆதல் வேண்டும் என்பது எம் கருத்து. உயிர்நூலார் இதனைத் திருக்கையினத்துள் அடக்குவர். தட்டையாய் நீண்ட இதன் மூக்கின் இருமருங்கும் பற்கள் வரிசையாக அமைந்து, அம்மூக்கு வாள்போல் தோன்றும். குட்டி ஈனும் பருவத்தில் இம்மீன் கழிமுகங்களையும் ஆழமில்லாத கரைநீரையும் நாடும். வலையிற் சிக்கின் அதனைக் கிழித்து, அணுகுவாரையும் புண்படுத்த வல்லது. எனவே, சினை என்னும் அடைமொழி வறிதே வந்ததன்று. அச்சந்தரும் உயிர் மக்களை நெருங்கிவரும் பருவத்தை அது சுட்டுகின்றது எனலாம். சுறா தாக்கிய புண் ஆறியபின் தந்தை மீண்டும் கடல் புகுந்ததைக் குறுந்தொகை 269ஆம் பாடல் கூறும். அங்ஙனம் மீண்டும் செல்வார்க்குக் காவல் வேண்டும். கொல்லவல்ல படைக்கலத்தையே நட்டு வணங்கியதன் பொருத்தம் இதனால் விளங்கும்.

இந்நெறியே சூரன் கதையிலும் உள்ளது. முருகன் கடலுட் புகுந்து சூரனை அழித்ததைத் திருமுருகாற்றுப்படை குறிக்கின்றது. பிற்காலத்துக் கந்தபுராணமோ, கடல்நடுவே மாமரமாய் நின்ற சூரன் பிளவுண்டு மயிலும் சேவலும் ஆயினான் என்கின்றது. பகை ஊர்தியும் கொடியும் ஆயிற்று. திருச்செந்தூர்க் கடற்கரையில் கந்தசட்டி நாளில் இந்நிகழ்ச்சி இன்றும் நடித்துக் காட்டப்படுகின்றது.

மணிமேகலைக் காப்பியத்தில் இதன் மறுதலையைக் காண்கிறோம். கலம் கவிழ்ந்தாரைக் காக்கும் கடல்தெய்வமாகிய மணிமேகலா தெய்வமே, இந்திரவிழா மறக்கப்பட்டபோது சினந்து புகாரைக் கடல்கொள்ளச் செய்கின்றது. வழிபாடு நின்றவிடத்துக் காவலே அச்சமாகின்றது.

எனவே, இக்கதைகள் அச்சத்தின் பதிவுகள் மட்டுமல்ல. கடலோடு மக்கள் செய்துகொண்ட உடன்படிக்கைகளும் ஆம். அவற்றுள் பழமையானதொன்றன் சான்று இன்று மறைந்து வருகின்றது. உலகிலுள்ள ஐவகை வேளா மீன்களும் அழியும் நிலையில் உள்ளன; இந்தியாவில் 2001 முதல் இவற்றைப் பிடித்தல் சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது. வேளாவைக் கண்ணாற் கண்ட முதியோர் கடற்கரையூர்களில் இருக்கும்போதே, அதன் வரவையும் பருவத்தையும் அதுபற்றிய நம்பிக்கைகளையும் கேட்டுத் தொகுத்தல் வேண்டும். தவறின், பட்டினப்பாலையின் அப்பகுதிக்குச் சொற்பொருள் எஞ்சும், வாழ்க்கைப்பொருள் எஞ்சாது.