பூட்டு எங்கே, பொருள் எங்கே?

ஊத்துக்கோட்டையில் விடியற்காலை பஸ் ஏறிக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வேலைக்குப் போகும் தம்பி ஒருவனை எண்ணிக்கொள்ளுங்கள், தோழர்களே! பவர் பிரஸ்ஸிலே தோழனின் விரல் நசுங்கக் கண்டவன். கண்டு கலங்கியதோடு நில்லாமல், கை உள்ளே இருந்தால் பிரஸ் இறங்காதபடி தடுக்கும் கருவியொன்றை வீட்டுத் திண்ணையிலே உருவாக்கியவன். புத்தொழில் வளர்ப்பகத்துக்கு விண்ணப்பம் எழுத உட்காருகிறான். "உமது கருவி எப்படி வேலை செய்கிறது?" என்று கேட்கிறது படிவம். பேனாவை மூடி விடுகிறான். "சொன்னால் சுருட்டிக்கொள்வார்களே!"

அந்த அச்சத்தை நான் ஏளனம் செய்ய மாட்டேன். ஏமாந்தவன்தானே அஞ்சுவான்! ஆனால் பொருள் ஓர் அறையில் இருக்க, பூட்டு வேறோர் அறைக்குப் போடப்படுகிறது.

ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்டால் வளர்ப்பகத்தார் பெரும்பாலும் மறுப்பார்கள். நூற்றுக்கணக்கான விண்ணப்பங்கள், ஒன்றைப் போலவே இன்னொன்று! வெறும் எண்ணத்துக்குப் பதிப்புரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றமே 1978-ல் கூறிவிட்டது.

கிரீஷ் மாத்ருபூதம் கதை தெரியுமா? வேறொரு கம்பெனி விலையை உயர்த்தியது, வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள். அந்தக் கொதிப்பு ஊரறிந்த சங்கதி, உலகமே படித்தது. அவர் மட்டும் வேலையை விட்டு 2010-ல் சென்னையில் கம்பெனி தொடங்கினார்; 2021-ல் அது அமெரிக்கப் பங்குச் சந்தை ஏறியது. எண்ணம் தெருவிலேதான் கிடந்தது! பிறகு வழக்கும் வந்தது: அவர் முன்பு பணியாற்றிய சோகோ 2020-ல் கலிபோர்னியாவில் தொடுத்தது. எதைப் பற்றி? வாங்கக் கூடியவர்கள் யார் யார் என்ற ரகசியத் தகவலைப் பற்றி! மறு ஆண்டு சமரசத்தில் முடிந்தது.

ஆனால் நம் தம்பியின் சரக்கு கருவியாயிற்றே, அதற்கு வழி உண்டு. 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி, முழுமை பெறாத நிலையிலேயே தற்காலிக விவரக் குறிப்பைப் பதியலாம். தனி மனிதருக்கு இணைய வழியில் அரசுக் கட்டணம் 1,600 ரூபாய். நமக்கான அலுவலகம் கிண்டியில். பதிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் முழு விவரம் தரவேண்டும், தவறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகும். கிருஷ்ணா நீர் நம் எல்லைக்குள் நுழையும் ஜீரோ பாயிண்டில், எந்த நாளில் எவ்வளவு வந்தது என்று அளந்து எழுதுகிறார்களே, அதுபோலத்தான் இந்தத் தேதி! யார் முந்தியவர் என்ற வாதம் எழுந்தால் பேசுவது அதுவே.

அதைப் பதியாமல் மேடையேறி எல்லோர் முன்னும் கருவியைக் காட்டினால், புதுமையே போயிற்று என்று பின்னாளில் காப்புரிமை மறுக்கப்படலாம். திருடன் வரவேண்டியதே இல்லை! படிவத்திலோ, கருவி எத்தனை நொடியில் பிரஸ்ஸை நிறுத்துகிறது, என்ன செலவாகும், எத்தனை பட்டறைக்காரர் கேட்டார்கள் என்று தாராளமாக எழுதட்டும். உள்ளே எந்த முள் எந்தப் பல்லில் விழுகிறது என்பது மட்டும் பையிலே இருக்கட்டும்.

இன்னொரு கதவு இருக்கிறது, அதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. வேலையில் சேர்ந்த அன்று கையெழுத்திட்டானே, அந்த நியமனத் தாள்! கண்டுபிடிப்பாளனே காப்புரிமை கேட்கலாம் என்கிறது சட்டம். ஆனால் பணிக்காலத்தில் கண்டுபிடிப்பதெல்லாம் கம்பெனிக்கே என்று ஒரு வரி அந்தத் தாளில் இருந்தால்? வளர்ப்பகத்தானைச் சந்தேகித்துத் தூக்கம் கெட்டவன், தன் பெட்டியிலே கிடக்கும் தாளைப் படித்தானா? தொழிற்சங்கத் தோழரிடமோ வழக்கறிஞரிடமோ முதலில் அதைக் காட்டட்டும். கிண்டிக்குக் கட்டவேண்டிய 1,600 ரூபாய் அதற்கு மறுநாள்.