உயிரும் நினைவும்

முதிய ஆடவரை வருத்தும் புரொஸ்ரேற் புற்றுநோய் ஆண்மை ஓமோனை உண்டு வளர்வது. அவ்வோமோனை ஒடுக்கினால் நோயும் ஒடுங்கும் என்பதை 1941இல் சிக்காகோவில் காட்டியவர் சார்ள்ஸ் ஹகின்ஸ். அதற்காக 1966இல் நோபல் பரிசு பெற்றார். ஆயுளை நீட்டும் இச்சிகிச்சை நினைவைக் குறைக்கின்றதா என்பதே இன்றைய வினா.

அமெரிக்காவில் 154,089 முதிய நோயாளரின் பதிவுகளை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வொன்றில், இச்சிகிச்சை பெற்றோருள் 21.6 வீதத்தினரும் பெறாதோருள் 15.8 வீதத்தினரும் மறதிநோய்க்கு ஆளாயினர். தொடர்பு புலனாகின்றது, காரணம் இதுவேயெனத் துணிதற்கில்லை. சிகிச்சை பெற்றோர் முன்னரே பிற பிணிகளால் தளர்ந்தோராகவும் இருக்கலாம்.

ஆதலின், அஞ்சி மருந்தைக் கைவிடுதல் பேதைமை. வைத்தியரிடம் வினவாதிருத்தலும் பேதைமையே என்பேன். நோய் முற்றியவருக்கு உயிரே முதற்பொருள். நோய் மெல்ல ஊரும் முதியவருக்கோ, ஆயுளோடு நினைவையும் நிறுத்துப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும் என்பது என் துணிபு.