தணிகை மலைப் படியில் ஒரு ஹாக்கி வழக்கு

ராஞ்சியில் ஆட்டம் தோற்றால் திருத்தணியில் சண்டை நடக்கும் என்று நீங்கள் எண்ணியதுண்டா? நடந்தது. 2024-ஆம் வருஷம் ஜனவரி 20-ஆம் தேதி, தைக் கிருத்திகை. காவடியும் பால் குடமுமாக ஜனங்கள் மலை ஏறிக் கொண்டிருந்தார்கள். இந்த மலைக்கு 365 படிகள், நாளுக்கு ஒன்றாக. பாதிப் படியில், மூச்சு வாங்க உட்காரும் இடத்தில், ஒரு சிறு கும்பல். நடுவில் ஒரு செல்போன். முருகன் பாட்டுக் கேட்கிறார்களாக்கும் என்று எட்டிப் பார்த்தால், முந்தின நாள் சாயங்காலம் நம் பெண்கள் ஜப்பானிடம் தோற்ற ஹாக்கி ஆட்டம்!

"கோச்சை மாத்தணும், ஸார்! வேறே வழியே இல்லை" என்று பொரிந்து கொண்டிருந்தான் நகரியிலிருந்து வந்த ஒரு வாலிபன். தமிழில் ஆரம்பித்து, கோபம் ஏறியதும் தெலுங்குக்குத் தாவி, மறுபடி தமிழுக்கே வந்து சேர்ந்தான். இந்த வட்டாரத்தில் அது சகஜம். 1960 ஏப்ரல் முதல் தேதி வரை இந்த ஊரே ஆந்திராவில்தானே இருந்தது!

"மாத்தி மாத்தித்தானே தம்பி இந்தக் கதிக்கு வந்தோம்?" என்றார் அரக்கோணத்துப் பெரியவர் ஒருவர். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவராம். ரயில்வேக்காரர்களுக்கு ஹாக்கிப் பெண்கள் எல்லாரும் சொந்தப் பெண்கள் மாதிரி. இந்தியக் கோஷ்டியில் எத்தனையோ பேருக்கு உத்தியோகம் ரயில்வேயில்தான்.

விஷயம் தெரியாத சகோதரிகளுக்காகக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்குப் போக ராஞ்சியில் எட்டு நாடுகள் மோதின. முதல் மூன்று இடங்களுக்குள் வந்தால் போதும். சொந்த ஊர், சொந்த ஜனங்கள். மைதானத்தின் பெயர் கூட 1928-ல் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் ஹாக்கிக் கோஷ்டிக்குத் தலைவராயிருந்த ஜெய்பால் சிங் முண்டாவின் பெயர். இதைவிடச் சகுனம் என்ன வேண்டும்? ஆனால் முதல் ஆட்டத்திலேயே அமெரிக்காவிடம் 0–1. பிறகு நியூஸிலாந்தை 3–1, இத்தாலியை 5–1 என்று ஜெயித்தார்கள். அரையிறுதியில் ஜெர்மனியோடு 2–2. அதன் பின் 'ஷூட்-அவுட்'. ஒருத்தி பந்தோடு ஓடி வருவாள், எதிரே கோல் கீப்பர் மட்டும், கையில் இருப்பது எட்டே விநாடி. அதில் 3–4. மறுநாளே மூன்றாம் இடத்துக்கு ஜப்பானோடு ஆட்டம். ஆரம்பத்திலேயே ஜப்பான் ஒரு கோல் போட்டு விட்டது. பாக்கி நேரம் முழுவதும் நம் பெண்கள் முட்டினார்கள், மோதினார்கள், கதவு திறக்கவே இல்லை. பாரிஸ் போயிற்று.

இதிலே வயிற்றெரிச்சல் என்னவென்றால், இதே ராஞ்சியில், இதே ஜப்பானை, 1923-லோ 1953-லோ அல்ல, 2023 நவம்பரில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை இறுதி ஆட்டத்தில் 4–0 என்று ஜெயித்தவர்கள் நம் பெண்கள். மூன்று மாசத்துக்குள் என்ன வந்து விட்டது?

அதைத்தான் படியில் விசாரித்துக் கொண்டிருந்தார்கள். வாலிபன் குற்றப் பத்திரிகை வாசித்தான். "பெனால்டி கார்னர் எத்தனை கெடைச்சது! ஒண்ணாவது உள்ளே போச்சா?"

பெனால்டி கார்னர் என்பது கல்யாணப் பந்தியில் பாயசம் மாதிரி. அது சரியாக அமைந்தால் மற்றக் குறையெல்லாம் மறந்து போகும். கோல் கோட்டிலிருந்து ஒருத்தி பந்தைத் தள்ளுவாள். வட்டத்தின் முனையில் இன்னொருத்தி அதை நிறுத்துவாள். மூன்றாமவள் மட்டையால் பந்தை இழுத்துச் சுழற்றி வீசுவாள். எதிரிகள் கோல் கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர்தான் தடுக்கலாம். எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள். அந்த மூன்றாமவள் வேலைக்கு வருஷக் கணக்கில் கை பழக வேண்டும். அப்படிப் பழகியவள் குர்ஜீத் கௌர். 2021-ல், டோக்கியோ ஒலிம்பிக்ஸில் ஆஸ்திரேலியாவை 1–0 என்று கவிழ்த்த அந்த ஒரு கோல் அவள் போட்டதுதான். ராஞ்சிக் கோஷ்டியில் குர்ஜீத்துக்கு இடமில்லை. டோக்கியோவில் தலைவியாயிருந்த ராணி ராம்பாலுக்கும் இல்லை. வந்தனா கட்டாரியாவோ பந்தயத்துக்குச் சில நாள் முன்னால் கன்ன எலும்பு முறிந்து விலக நேர்ந்தது. இந்த மூன்றாவதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. முதல் இரண்டுக்கும் சொல்லலாம் என்பது வாலிபன் கட்சி.

எனக்கும் குர்ஜீத் விஷயத்தில் அவன் பக்கம்தான் மனசு சாய்கிறது. ராணி விஷயத்தில் அப்படி நிச்சயமாய்ச் சொல்ல முடியாது. காயங்களால் வெகுநாள் ஒதுங்கியிருந்தவள். ஆனால் ஒரு பெரிய ஆட்டக்காரியை விலக்கும்போது, ஏன் என்று ஊருக்கு வேண்டாம், அவளுக்காவது முகத்துக்கு நேரே சொல்ல வேண்டாமா?

அந்தக் கோச் யார் தெரியுமோ? யானெக் ஷோப்மன் என்ற டச்சு அம்மாள். 2008-ல் பீஜிங்கில் தம் நாட்டுக்காக ஆடி ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர். அவர் காலத்தில் நம் பெண்களுக்கு 2022-ல் காமன்வெல்த் வெண்கலம் வந்தது. அதே வருஷம் ஸ்பெயினில் நேஷன்ஸ் கோப்பை வந்தது. 2023-ல் ஹாங்சௌ ஆசியப் போட்டியில் வெண்கலம். அங்கே தங்கம் வாங்கியிருந்தால் பாரிஸுக்கு நேரே டிக்கெட். ராஞ்சித் தொல்லையே வந்திராது.

கும்பலில் ஒரு பெண்மணி அதுவரை வாயே திறக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியை. பக்கத்தில் மட்டை உறையோடு ஒரு மாணவி. "கோச்சை மாத்தலாம், தம்பி. கோச்சைத் தேர்ந்தெடுத்தவங்களை யார் மாத்தறது?" என்றார். வாலிபன் பதில் சொல்லாமல் மேலே கோபுரத்தைப் பார்த்தான்.

அந்தக் கேள்வியை வைத்துக் கொண்டு பழைய கணக்குப் புத்தகத்தைப் புரட்டினால் ஆச்சரியமாயிருக்கிறது. தோல்வி வந்தால் பழியைச் சுமக்க ஒரு முதுகு வேண்டும். அந்த முதுகு எப்போதும் கீழ் வரிசையில் இருப்பவருடையதாகவே இருக்கிறது.

1982 டிசம்பர் முதல் தேதி. டில்லி ஆசிய விளையாட்டில் இறுதி ஆட்டம். எதிரே பாகிஸ்தான், பார்க்க வந்தவர்களில் பிரதமர் இந்திரா காந்தியும் ஒருவர். முதல் கோல் போட்டது இந்தியாதான். அப்புறம் ஏழு கோல்கள் வந்து விழுந்தன. 1–7. பதினொரு பேர் ஆடினார்கள். பழி ஒருவர் தலையில், கோல் கீப்பர் மீர் ரஞ்சன் நேகி. தற்காப்பு ஓட்டை விட்டதை யாரும் பேசவில்லை. லஞ்சம் வாங்கினார் என்றும் தேசத் துரோகி என்றும் வாய் கூசாமல் சொன்னார்கள். பிறகு அவரே 1998-ல் பாங்காக்கில் தங்கம் வென்ற கோஷ்டிக்கும், 2002-ல் மான்செஸ்டரில் தங்கம் வென்ற பெண்கள் கோஷ்டிக்கும் கோல் கீப்பர்களைப் பயிற்றினார். 2007-ல் வந்த 'சக் தே இந்தியா' சினிமா எடுக்கப்பட்டபோது நடிகைகளுக்கு ஹாக்கி சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான்.

இன்னொன்று கேளுங்கள். அதே டில்லியில், அதே 1982-ல், ஆசிய விளையாட்டில் முதல் தடவையாகப் பெண்கள் ஹாக்கியைச் சேர்த்தார்கள். எலிசா நெல்சன் தலைமையில் இந்தியப் பெண்கள் தங்கம் வாங்கினார்கள்! ஏழு கோல் வாங்கியதை இன்றும் பாட்டி பேத்திக்குச் சொல்கிறாள். தங்கம் வாங்கியதைச் சொல்லுகிறவர்கள் எத்தனை பேர்?

தோற்றால்தான் தண்டனை என்றும் எண்ணி விடாதீர்கள். 1998 பாங்காக்கில் 32 வருஷத்துக்குப் பிறகு ஆண்களுக்கு ஆசியத் தங்கம். தலைவர் தன்ராஜ் பிள்ளை, கோச் எம். கே. கௌசிக். ஊர் திரும்பிய சூட்டோடு தன்ராஜையும் இறுதி ஆட்டத்தில் கோலைக் காத்த ஆசிஷ் பல்லாலையும் சேர்த்து ஆறு பேரை ஒதுக்கி விட்டார்கள். கௌசிக்கையும் அனுப்பி விட்டார்கள். 2015-ல் இன்னும் வேடிக்கை. பெல்ஜியத்தில் மலேசியாவை ஜெயித்த ஆட்டம் முடிந்ததும், மைதானத்திலேயே ஹாக்கி இந்தியா தலைவருக்கும் கோச் பால் வான் ஆஸுக்கும் வாக்குவாதம். சில வாரங்களில் கோச் போய் விட்டார். தலைவர் இருந்தார்.

நம் சென்னைக்காரர் கதையும் உண்டு. 1980-ல் மாஸ்கோவில் ஸ்பெயினை 4–3 என்று ஜெயித்துத் தங்கம் வாங்கிய கோஷ்டியின் தலைவர் வாசுதேவன் பாஸ்கரன். இருபது வருஷம் கழித்து ஸிட்னியில் அவரே கோச், தன்ராஜ் முன்னணியில். போலந்தோடு கடைசி லீக் ஆட்டம். ஜெயித்தால் அரையிறுதி. 1–0 என்று இந்தியா முன்னால் நிற்கிறது. இரண்டு நிமிஷம் கூடப் பாக்கி இல்லை. போலந்து ஒரு கோல் போட்டு விட்டது! அன்று தமிழ்நாட்டில் எத்தனை வீட்டில் சாப்பாடு ஆறிப் போயிருக்கும்! கடைசியில் கிடைத்தது ஏழாம் இடம். அந்த ஒன்றரை நிமிஷத்துக்குப் பாஸ்கரன் வெகுகாலம் பதில் சொல்ல வேண்டியிருந்தது. வெளியே நின்ற கோச் என்ன செய்திருக்க முடியும்? ஆட்டக்காரரை மாற்றியிருக்கலாம், பந்தை மூலைக்குக் கொண்டு போய் நேரத்தைக் கடத்தச் சொல்லியிருக்கலாம் என்பார்கள். சோபாவில் உட்கார்ந்தால் இதெல்லாம் சுலபம்.

2008 மார்ச்சில் சிலி நாட்டில் பிரிட்டனிடம் 0–2. 1928-க்குப் பிறகு முதல் தடவையாக ஒலிம்பிக்ஸில் இந்திய ஹாக்கி இல்லை என்று ஆயிற்று. கோச் ஜோகிம் கார்வாலோ ராஜினாமா செய்தார். பதினாலு வருஷமாகச் சம்மேளனத் தலைவராயிருந்த கே. பி. எஸ். கில் நகரவில்லை. மறுமாசம் சம்மேளனத்தின் செயலாளர் பேரில் தொலைக்காட்சியில் லஞ்சப் புகார் கிளம்பிய பிறகுதான் இந்திய ஒலிம்பிக் சங்கம் சம்மேளனத்தையே தள்ளி வைத்தது. 2023 ஜனவரியில் ஒடிஸா உலகக் கோப்பையில், 3–1 என்று முன்னால் நின்று நியூஸிலாந்திடம் ஷூட்-அவுட்டில் தோற்றதும், கோச் கிரஹாம் ரீட் எட்டு நாளில் விலகினார். டோக்கியோவில் 41 வருஷத்துக்குப் பிறகு ஒலிம்பிக் பதக்கம் வாங்கித் தந்தவர் அவர்.

அதற்காகக் கோச்சுகளெல்லாம் பழி பாவம் அறியாதவர்கள் என்று நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆளைப் பொறுக்குவது, ஆட்டத்தின் நடுவே மாற்றுவது, கார்னருக்கு ஆள் தயார் செய்வது எல்லாம் அவர்கள் வேலை. கேட்க வேண்டியதுதான். ஆனால் வீட்டில் மருமகள் சமையல் சரியில்லை என்றால், அரிசி வாங்கி வந்தவரையும் ஒரு வார்த்தை கேட்போமே! ஷோப்மன் விஷயத்தில் அதுதான் நடந்தது, கொஞ்சம் வித்தியாசமாக. ராஞ்சிக்குப் பிறகு, பிப்ரவரியில், அந்த அம்மாளே வாய் திறந்தார். இந்த நாட்டில் பெண்ணுக்கு மதிப்பில்லை, ஆண்கள் கோஷ்டிக்கும் கோச்சுக்கும் கிடைக்கிற கவனம் நமக்குக் கிடைப்பதில்லை என்றார். ஹாக்கி இந்தியா மறுத்தது. சில நாளில் அவர் விலகினார். அதே வாரத்துக்குள் நெடுங்காலம் தலைமை நிர்வாகியாயிருந்த எலெனா நார்மனும் விலகினார். மேல் வரிசையில் இருந்தவர்களில் போனவரும் ஒரு பெண்தான். தோற்றவர் குறை சொன்னால் அது சாக்காகத்தான் காதில் விழும். உண்மை. ஜெயித்துக் கொண்டிருந்தபோது அவர் சொல்லியிருந்தால் மட்டும் கேட்டிருப்பார்களா?

படியில் வழக்கு எப்படி முடிந்தது என்கிறீர்களா? முடியவில்லை. பெரியவர் பையிலிருந்து வேர்க்கடலையை எடுத்து எல்லாருக்கும் கொடுத்தார். சூரனை வதைத்த முருகன் சினம் தணிந்து அமர்ந்த இடம் இது. கந்த சஷ்டியில் மற்ற ஊர்களில் சூரசம்ஹாரம் என்றால் இங்கே புஷ்பாஞ்சலி. வாலிபன் மட்டும் தணியவில்லை. "நீ எந்த எடத்துல ஆடறே, பாப்பா?" என்று மாணவியைக் கேட்டான். "கீப்பர், அண்ணா" என்றாள் அவள். நேகியின் கதை அவளுக்குத் தெரியுமோ, என்னவோ!

2024 ஏப்ரலில் ஷோப்மன் இடத்துக்கு ஹரேந்திர சிங் வந்தார். இவர் கதை தனி. 2018-ல் ஆண்கள் கோஷ்டியின் கோச்சாயிருந்த ஷோர்ட் மரைனையும் பெண்கள் கோஷ்டியின் கோச்சாயிருந்த இவரையும், இரண்டு ஓரகத்திகளை அடுப்பு மாற்றி உட்கார வைப்பது போல இடம் மாற்றினார்கள். அந்த வருஷக் கடைசியில் உலகக் கோப்பைக் காலிறுதியில் ஆண்கள் தோற்றதும் இவரை விலக்கினார்கள். பெண்கள் பக்கம் போன மரைன்தான் டோக்கியோவில் நாலாம் இடம் வரை கொண்டு போனார். 2024-ல் அதே ஹரேந்திரருக்கு மறுபடி பெண்கள் கோஷ்டி கிடைத்தது. 2024 நவம்பரில் பீஹாரில் ராஜ்கீரில் சீனாவை 1–0 என்று ஜெயித்து ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை வாங்கினார்கள், ஊரெல்லாம் பாராட்டு. 2025 ஜூனில் புரோ லீக்கில் கடைசி இடம். கீழ்ப் பிரிவுக்கு இறக்கி விட்டார்கள். உடனே கிளம்பியது பழைய குரல்: கோச்சை மாற்று!