பெரகலயிலிருந்து மஹரகமவுக்கு

பெரகலச் சந்தியில் இறங்கத் தொடங்கும் ஏ4 வீதி ஹல்துமுல்ல, பலாங்கொடை, இரத்தினபுரி வழியாகக் கொழும்புக்குப் போகிறது. கொழும்பை எட்டுமுன் மஹரகம. அங்கேதான் அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலை இருக்கிறது. ஊவாத் தோட்டத்து லயத்தில் ஒரு பிள்ளைக்கு இரத்தப் புற்றுநோய் என்றால், பெற்றோர் பிள்ளையோடு பஸ் ஏறும் பாதை பெரும்பாலும் இதுதான்.

வழியில் இரத்தினபுரி வயல்களில் மாணிக்கக் குழிகள் உண்டு. பூமியைத் தோண்டும்போது வெளிவரும் உலோகங்கள்தான் பிள்ளைகளின் இரத்தத்தைக் கெடுக்கின்றனவோ என்ற சந்தேகம் எழுவது இயல்பு. ஆனால் அந்தக் குழிகளில் பாதரசத்துக்கோ சயனைட்டுக்கோ வேலை இல்லை. ‘இல்லம்’ எனப்படும் சரளை மண்ணைக் கூடையிலிட்டுத் தண்ணீரில் அரிக்கிறார்கள். கலங்கி ஓடும் ஆறும், மூடாத குழிகளில் பெருகும் நுளம்பும் அங்குள்ள கேடுகள்.

உலோகம் பற்றிய அந்தச் சந்தேகத்தை நேராகச் சோதித்த ஊர் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் உள்ள ஃபாலன். சுமார் 8,000 பேர் வாழ்ந்த சிறு நகரம். 1997க்குப் பிறகு ஐந்தாறு ஆண்டுகளில் அந்த வட்டாரத்தில் 15 பிள்ளைகளுக்குக் குறையாமல் இரத்தப் புற்றுநோய் கண்டது. அவ்வளவு சிறிய இடத்தில் ஓரிரு பிள்ளைகளுக்கு வந்திருந்தாலே அதிகம். குழாய்த் தண்ணீரில் ஆசனிக், உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவான லீற்றருக்கு 10 மைக்ரோகிராமைப் போல ஏறக்குறைய 10 மடங்கு இருந்தது. சிறுநீரைப் பரிசோதித்தபோது தங்குதன் உலோகமும் கூடுதலாகத் தெரிந்தது. காரணம் அகப்பட்டுவிட்டது என்றே எவரும் நினைப்பார்கள். ஆனால் நோயில்லாத பிள்ளைகளின் வீடுகளிலும் அதே அளவுகள்தான்! நோய்க்கும் உலோகத்துக்கும் முடிச்சுப் போட ஆய்வாளர்களால் இயலவில்லை.

அதற்காக உலோகங்கள் சாதுவானவை ஆகிவிடா. ஆசனிக் தோல், நுரையீரல், சிறுநீர்ப்பைப் புற்றுநோய்களைத் தரும். ஈயம் பிள்ளையின் மூளை வளர்ச்சியைக் குலைக்கும். பெரகல அடங்கும் பதுளை மாவட்டத்துக்கே இந்தக் கவலை புதிதல்ல. கிராந்துருகோட்டை விவசாயிகளைத் தின்னும் சிறுநீரக நோயில் கட்மியத்துக்குப் பங்குண்டா என்று உலக சுகாதார நிறுவனமும் சுகாதார அமைச்சும் சேர்ந்து ஆராய்ந்து, 2013இல் முடிவுகளை வெளியிட்டன. ஒற்றைக் காரணம் இன்னும் உறுதியாகவில்லை. பீலித் தண்ணீரையும் கிணற்றையும் ஒழுங்காகப் பரிசோதிக்கச் சொல்லித் தோட்ட மக்கள் கேட்பதற்கு, புற்றுநோய் என்ற பயம் தேவையே இல்லை.

குழந்தை இரத்தப் புற்றுநோயில் உறுதிப்பட்ட காரணங்கள் சிலவே: கதிர்வீச்சு, டவுன் நோய்க்குறி போன்ற சில பிறவி நிலைகள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஏன் வந்தது என்று எந்த டொக்டராலும் சொல்ல முடியாது. ‘நான் எதைத் தின்னக் கொடுத்தேன்?’ என்று ஒரு தாய் தன்னையே நோக வேண்டியதில்லை.

தாமதம்தான் இங்கே பெரிய எதிரி. வெளிறிய முகத்தை ‘இரத்தம் குறைவு’ என்றும், கால் வலியை ஓடி விளையாடிய அலுப்பு என்றும் விட்டுவிடுவது தோட்டத்தில் வழக்கம். விட்டுவிட்டு வரும் காய்ச்சல், அடிபடாமலே தோன்றும் நீலக் கண்டல், முரசில் இரத்தம், கழுத்தில் கட்டி ஆகியவை இவற்றோடு சேர்ந்தால் ஓர் இரத்தப் பரிசோதனை அன்றே செய்ய வேண்டும். செல்வந்த நாடுகளில் புற்றுநோய் வந்த பிள்ளைகளில் 80 வீதத்துக்கும் மேலானோர் குணமாகிறார்கள். பல ஏழை நாடுகளில் 30 வீதத்துக்கும் குறைவு.

அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் காசு இல்லை. ஆனால் அது இரண்டு, மூன்று வருடங்கள் நீளும். கொழுந்து பறிக்கும் தாய்க்கு மஹரகமவில் கழியும் ஒவ்வொரு நாளும் பேர் விழாத, சம்பளமில்லாத நாள். அந்தச் சம்பளத்தை யார் தருவது என்பதற்குத் தோட்டத்தில் இன்னும் பதில் இல்லை.