ஐந்து மைலில் ஒரு டாலர் கடை

அமெரிக்கர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்கு, வீட்டிலிருந்து ஐந்து மைல் தொலைவுக்குள் ஒரு ‘டாலர் ஜெனரல்’ கடை இருக்கிறது. நாடு முழுவதும் இந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டும் 20,000-க்கும் மேற்பட்ட கடைகள். அவற்றில் ஐந்தில் நான்கு, 20,000 பேருக்கு மேல் இல்லாத ஊர்களில் நிற்கின்றன. பெரிய நகரங்களிலேயே வாழ்கிறவர்கள் இந்தப் பெயரைக் கவனிக்காமலே இருந்துவிடலாம். டென்னசி, கன்சாஸ், ஒக்லஹோமா மாநிலங்களின் கிராமச் சாலைகளில் போகிறவர்கள் அதன் மஞ்சள் பலகையைப் பார்க்காமல் தப்ப முடியாது.

இந்தக் கடை ஊருக்கு நல்லதா, கெட்டதா என்ற சண்டை பல ஆண்டுகளாக நகர மன்றங்களில் நடக்கிறது. மலிவு விலைக் கடை ஏழைகளுக்கு உதவுகிறது என்கிறது ஒரு தரப்பு. உள்ளூர் வியாபாரத்தை அது விழுங்குகிறது என்கிறது மறு தரப்பு. இரண்டும் உண்மைதான். ஆனால் இரண்டும் ஒரே ஊரைப் பற்றிய உண்மைகள் அல்ல. மளிகைக் கடையே இல்லாத ஊருக்கு டாலர் கடை வருவது வேறு; தள்ளாடிக்கொண்டாவது ஒரு மளிகைக் கடை நடந்துகொண்டிருக்கும் ஊருக்கு வருவது வேறு. இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் பேசுவதால்தான் விவாதம் முடிவுக்கு வராமல் சுற்றிக்கொண்டிருக்கிறது.

இந்த வணிகம் பிறந்ததே சிற்றூரில்தான். கென்டக்கியின் ஸ்காட்ஸ்வில் என்ற ஊரில், மூன்றாம் வகுப்பைக்கூட முடிக்காத ஜே.எல். டர்னரும் அவர் மகன் கால் டர்னரும் ஆளுக்கு 5,000 டாலர் போட்டு 1939-இல் ஒரு மொத்த வியாபாரத்தைத் தொடங்கினார்கள். பெருநகர அங்காடிகள் அவ்வப்போது நடத்திய ‘டாலர் நாள்’ விற்பனையைப் பார்த்த மகன், இதையே ஆண்டு முழுக்கச் செய்தால் என்ன என்று யோசித்தார். 1955-இல் அதே மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் முதல் கடை திறந்தது. எந்தப் பொருளும் ஒரு டாலரைத் தாண்டாது என்பதுதான் அதன் வாக்குறுதி. அந்த வாக்குறுதி போய் வெகுகாலமாகிவிட்டது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. போட்டி நிறுவனமான ‘டாலர் ட்ரீ’யும் 2021-இல் தன் அடிப்படை விலையை 1.25 டாலராக உயர்த்தியது.

வால்மார்ட்டின் பேரங்காடி நடக்கப் பல்லாயிரம் வாடிக்கையாளர்கள் வேண்டும். டாலர் கடைக்கு அத்தனை பேர் வேண்டாம். ஏழெட்டாயிரம் சதுர அடியில் தகரக் கூரைக் கட்டடம், ஒரு நேரத்துக்கு இரண்டு மூன்று ஊழியர்கள், பெரும்பாலும் கெட்டுப்போகாத சரக்கு. செலவு இவ்வளவு குறைவு என்பதால், ஓராயிரம் பேர் உள்ள ஊரிலும் அதற்குக் கட்டுப்படியாகிறது. வால்மார்ட் எட்டிப் பார்க்காத இடங்களையே அது தேடிப் பிடித்தது.

முதலில் நன்மையைச் சொல்ல வேண்டும், அதுவும் மனதாரச் சொல்ல வேண்டும். அமெரிக்க கிராமத்தில் தூரம் என்பது பணம். பேரங்காடி 10 மைலுக்கு (16 கிலோமீட்டர்) அப்பால் இருந்தால்தான் கிராமப்புறத்தில் அதைத் தொலைவு என்று வேளாண் துறை கணக்கில் எடுக்கிறது. அதைப் போல இருமடங்கு, மும்மடங்கு தூரம் ஓட்டுகிறவர்களும் உண்டு. பேருந்து கிடையாது. கார் பழுதானால் வீட்டில் பால் இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் இரவு ஒன்பது மணிக்குக் குழந்தைக்கு டயப்பரும், காய்ச்சலுக்கு மாத்திரையும், காலைக்கு ரொட்டியும் முட்டையும் கிடைக்கும் கடை அற்ப விஷயமல்ல. ஏழைக் குடும்பங்களுக்கு அரசு தரும் ‘ஸ்நாப்’ உணவு உதவி அட்டையும் அங்கே செல்லும். ஊருக்கு விற்பனை வரி வருகிறது. முன்பு பக்கத்து மாவட்டத்துக்குப் போன பணத்தில் ஒரு பகுதியாவது ஊர்க் கணக்கில் விழுகிறது. நகரத்தில் மூன்று பேரங்காடிகளுக்கு நடுவே வாழ்ந்துகொண்டு இந்தக் கடைகளை இழிவாக எழுதுகிறவர்கள், இருபது மைல் பயணம் மிச்சமானதன் அருமையை அறியாதவர்கள்.

‘மலிவு’ என்ற சொல்லை மட்டும் சற்று உரசிப் பார்க்க வேண்டும். பையின் மேலிருக்கும் விலை குறைவு, உண்மை. பையும் சிறியது. ஓர் உதாரணக் கணக்கு: இரண்டு பவுண்டு மாவு 1.75 டாலர் என்றும், பேரங்காடியில் ஐந்து பவுண்டு 3 டாலர் என்றும் வைத்துக்கொள்வோம். கையிலிருந்து போகும் காசு முதல் கடையில் குறைவு. ஒரு பவுண்டின் விலையோ அங்கேதான் அதிகம், 60 சென்ட்டுக்குப் பதில் 87 சென்ட்டுக்கு மேல். வாரக் கடைசியில் பையில் இரண்டு டாலர் மட்டும் இருப்பவர் ஐந்து பவுண்டு வாங்க முடியாது. அவர் கணக்குத் தெரியாமல் ஏமாறுகிறார் என்று சொல்வது தவறு. கையிருப்பு அவருக்கு வேறு வழி விடவில்லை. அந்த நெருக்கடிக்கு ஏற்றாற்போல் பொட்டலம் கட்டத் தெரிந்திருப்பதுதான் இந்த வணிகத்தின் திறமை.

இனி பாதகத்துக்கு வருவோம். ஒரு தகரக் கொட்டகை, பல தலைமுறை கண்ட மளிகைக் கடையை எப்படி வீழ்த்துகிறது? அதுவும் தக்காளியோ இறைச்சியோ பெரும்பாலும் விற்காத கடை?

மளிகைக் கடையின் லாபம் மிக மெல்லியது. நூறு டாலருக்கு விற்றால் ஒன்றிரண்டு டாலர் மிஞ்சினாலே நல்ல ஆண்டு. காய்கறியும் பழமும் இறைச்சியும் அழுகும், வாடும், குளிர்பெட்டி மின்சாரத்தைக் குடிக்கும். அந்த நட்டத்தை ஈடுகட்டுவது சோப்புத்தூள், காகிதத் துண்டு, சிப்ஸ், குளிர்பானம், நாய்க்கான தீனி ஆகியவைதான். அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்தாலும் கெடாத சரக்கு. டாலர் கடை கைவைப்பது சரியாக இதன்மேல். லாபம் தரும் பொருள்களை அது எடுத்துக்கொள்ள, அழுகும் பொருள்கள் மட்டும் பழைய கடைக்கு மிஞ்சுகின்றன. வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் கைவிட வேண்டும் என்பதில்லை. எல்லோரும் வழக்கம்போல வந்து, சோப்பை மட்டும் அங்கே வாங்கினாலே போதும்.

அடுத்த அடி மொத்த வியாபாரியிடமிருந்து விழுகிறது. சிற்றூர்க் கடைக்குச் சரக்கு கொண்டுவரும் லாரி, வாரத்துக்குக் குறைந்தது இவ்வளவு டாலருக்கு வாங்கினால்தான் வரும் என்று ஒரு வரம்பு வைத்திருக்கும். விற்பனை சரிந்து, வாங்கும் தொகை அந்த வரம்புக்குக் கீழே போனால் கூடுதல் கட்டணம் கேட்பார்கள், அல்லது லாரியே நின்றுவிடும். அதற்குப் பிறகு கடைக்காரர் ஊர் விசுவாசத்தை நம்பி எத்தனை நாள் ஓட்டுவார்?

கன்சாஸின் ஹேவன் இதற்குச் சாட்சி. ஏறத்தாழ 1,200 பேர் வாழும் இந்த ஊரில் காய்கறி, பழம், இறைச்சி விற்கும் மளிகைக் கடை ஒன்று ஏற்கெனவே இருந்தது. அங்கே வர விரும்பிய டாலர் ஜெனரல், நகராட்சிக் கட்டணங்களில் 72,000 டாலர் சலுகை கேட்டது. ஊர் நூலகத்தையும் நீச்சல் குளத்தையும் ஓர் ஆண்டு நடத்தப் போதுமான தொகை அது. தயங்கிய மன்றம் கடைசியில் அதில் பாதியைக் கொடுத்தது. சில ஆண்டுகளுக்குள் பழைய மளிகைக் கடை மூடப்பட்டது. ஊர் மக்களின் வரிப்பணமே ஊர்க்கடைக்கு எதிராக நின்றது என்பதுதான் இதில் என்னைக் கோபப்படுத்துகிறது.

ஹேவன் தனி ஊர் அல்ல. கிராமப்புறத்தில் ஒரு டாலர் கடை திறக்கும்போது, அங்குள்ள தனியார் மளிகைக் கடை மூடப்படும் வாய்ப்பு 5 சதவீதம் கூடுகிறது, விற்பனை 9.2 சதவீதமும் வேலைவாய்ப்பு 7.1 சதவீதமும் குறைகின்றன என்று அமெரிக்க வேளாண் துறையின் பொருளாதார ஆய்வுப் பிரிவு கணக்கிட்டது. நகர்ப்புறத்தில் பாதிப்பு இதைவிடக் குறைவு. ஒன்பது சதவீதம் பெரிதாகத் தோன்றாமல் இருக்கலாம். லாபமே இரண்டு சதவீதம் உள்ள தொழிலில் அது உயிர்போகும் காயம்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டாலர் கடை வராத ஊர்களிலும் மளிகைக் கடைகள் மூடின. இளைஞர்கள் வெளியேறினார்கள், உரிமையாளர்களுக்கு வயதாகி, தொழிலை ஏற்க ஆளில்லை, பழைய குளிர்பெட்டிகளை மாற்றப் பணமில்லை. நலிந்த உடம்பில்தான் அடி விழுகிறது. அடித்தவருக்குப் பொறுப்பில்லை என்று அதற்குப் பொருளல்ல.

விலைப் போட்டியே சமதளத்தில் நடக்கவில்லை. பெருஞ்சங்கிலிக் கடைகளுக்கு ஒரு விலை, சிறுகடைக்கு வேறு விலை என்று உற்பத்தியாளர்கள் பாகுபடுத்தக் கூடாது என்பதற்காக 1936-இல் ராபின்சன்-பாட்மன் சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் இன்றும் இருக்கிறது. 1980-களிலிருந்து அதைச் செயல்படுத்துவதுதான் ஏறக்குறைய நின்றுபோனது. 2025 ஜனவரியில் கூட்டாட்சி வணிக ஆணையம் இந்தச் சட்டத்தின்கீழ் பெப்சிகோ மீது வழக்குத் தொடுத்தது. ஆட்சி மாறியது, அதே ஆண்டு மே மாதம் ஆணையம் வழக்கைக் கைவிட்டது. சிறுகடைக்காரர் திறமையில்லாமல் தோற்றார் என்று சொல்வதற்கு முன் இதை நினைவில் வைக்க வேண்டும்.

வேலைவாய்ப்பு என்ற வாக்குறுதியும் தேய்ந்துதான் கைக்கு வருகிறது. தனியார் மளிகைக் கடை சராசரியாக 14 பேருக்கு வேலை தர, டாலர் கடை ஒன்பது பேருக்குத்தான் தருகிறது என்கிறது ‘உள்ளூர் தற்சார்பு நிறுவனம்’ என்ற ஆய்வு அமைப்பு. அந்த ஒன்பது பேரின் பாடு எளிதல்ல. லாரியிலிருந்து இறங்கும் சரக்கை அடுக்குவதும், கல்லாவில் நிற்பதும், தரை துடைப்பதும் அதே இரண்டு பேர். பெட்டிகள் அவசர வழிகளை அடைத்துக் கிடந்ததற்காகத் தொழிலாளர் துறை மீண்டும் மீண்டும் அபராதம் விதித்தது; 2024-இல் டாலர் ஜெனரல் 1.2 கோடி டாலர் கட்டச் சம்மதித்து அந்த விவகாரத்தை முடித்தது. ஒஹையோ மாநிலத்தில், அலமாரியில் ஒரு விலையைப் போட்டுவிட்டுக் கல்லாவில் அதைவிடக் கூடுதல் விலை வசூலித்ததாக 2022-இல் அதே நிறுவனத்தின் மீது வழக்கு வந்தது. மறு ஆண்டு 10 லட்சம் டாலரில் சமரசமானது. விலைச்சீட்டை மாற்றக்கூட ஆள் போதாத கடையில் இது நடப்பதில் வியப்பில்லை. ஆனால் கூடுதல் சில்லறையைக் கட்டியவர்கள் ஊரிலேயே வறியவர்கள்.

இன்னோர் ஆபத்து, வந்த கடை போய்விடுவது. வட கரோலினாவின் ஓரியண்டல் என்ற கடலோர ஊரில் நடந்தது டாலர் கடையின் கதையல்ல, வால்மார்ட் சோதனையாக நடத்திய ‘எக்ஸ்பிரஸ்’ சிறுகடையின் கதை, பாடம் ஒன்றுதான். 2014-இல் அது வந்தது. பல பதிற்றாண்டுகள் நடந்த உள்ளூர் மளிகைக் கடை 2015-இல் மூடியது. 2016 ஜனவரியில் வால்மார்ட் தன் எக்ஸ்பிரஸ் கடைகள் 102-ஐயும் ஒரேயடியாக மூடுவதாக அறிவித்தது. ஊருக்குப் புதியதும் இல்லை, பழையதும் இல்லை. டாலர் ட்ரீ நிறுவனமும் 2024-இல் தன்னிடமிருந்த ‘ஃபேமிலி டாலர்’ கடைகளில் 900-க்கும் மேற்பட்டவற்றை மூடப்போவதாகச் சொன்னது. தலைமையகத்தில் அது ஒரு கணக்கு. ஒரே கடை உள்ள ஊரில் அது மறுபடியும் இருபது மைல்.

டாலர் ஜெனரல் இப்போது 5,000-க்கும் மேற்பட்ட கடைகளில் காய்கறியும் பழமும் வைக்கிறது. இதை வரவேற்க வேண்டும். வேறு கடையில்லாத ஊர்களுக்கு அந்தக் காய்கறி முதலில் போக வேண்டும் என்று மன்றங்கள் நிபந்தனை போடவும் வேண்டும். நிபந்தனை போட முடியும் என்பதற்கு முன்னுதாரணம் ஒரு நகரம். ஒக்லஹோமாவின் டல்சாவில், மன்ற உறுப்பினர் வனெசா ஹால்-ஹார்ப்பரின் முயற்சியால் 2018-இல், நகரின் வடபகுதியில் ஒரு டாலர் கடைக்கும் இன்னொன்றுக்கும் ஒரு மைலாவது இடைவெளி வேண்டும் என்று விதி வந்தது. காய்கறி விற்கும் கடைகளுக்கு அதே விதி சலுகை கொடுத்தது. 2021-இல் அங்கே முழு மளிகைக் கடை ஒன்று திறந்தது. சிற்றூர்களுக்கு இத்தகைய விதி எழுத வழக்கறிஞரும் நேரமும் அரிது. அனுமதி கேட்டு விண்ணப்பம் வந்த பிறகு விழித்தால் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

சில ஊர்கள் தாமே கடை நடத்துகின்றன. கன்சாஸின் செயின்ட் பால் 1980-களில் தன் ஒரே மளிகைக் கடையை இழந்து இருபது ஆண்டுகளுக்கும் மேல் தவித்தது. பின்பு ஊரார் சேர்ந்து கடை கட்டினார்கள், பிறகு அதை நகராட்சியே வாங்கியது. ஃபுளோரிடாவின் பால்ட்வினும் 2019-இல் நகராட்சிக் கடையைத் திறந்தது. 2024-இல் அது மூடப்பட்டது. அரசாங்கம் நடத்தினாலும் மொத்த விலை என்ற சுவர் அப்படியே நிற்கிறது.

எனக்கு அதிக நம்பிக்கை தருவது அந்தச் சுவரிலேயே துளை போட முயலும் வட டகோட்டாவின் வால்ஷ் மாவட்டம். பார்க் ரிவர், எடின்பர்க், ஹூப்பிள் ஆகிய மூன்று ஊர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து, தங்கள் கடைகளுக்கான சரக்கை ஒன்றாக வாங்கத் தொடங்கின. தனித்தனியாகக் கேட்டால் எட்டாத வரம்பை மூன்று ஊர்களின் தேவை சேர்ந்து எட்டுகிறது. லாரி பார்க் ரிவருக்கு வருகிறது, அங்கிருந்து மற்ற ஊர்களுக்குச் சரக்கு போகிறது. ஹூப்பிளில் வாழ்வோர் ஓரிரு நூறு பேர்தான். இணையத்தில் கேட்ட பால், காய்கறியை, குளிரூட்டிய பெட்டகங்களிலிருந்து தங்களுக்கு வசதியான நேரத்தில் எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டையும் அங்கே செய்திருக்கிறார்கள். ஒரு நகர மன்றம் புதுக்கடைக்குச் சலுகை தரத் தயாராக இருக்குமானால், அந்தப் பணத்தை முதலில் இப்படியொரு லாரிக்கும் குளிர்பெட்டிக்கும் கொடுத்துப் பார்க்கலாம்.