பாலரை நாடும் விளம்பரமும் பெற்றோர் செலவும்

வணிகர் தம் பண்டத்தின் சிறப்பை எடுத்துரைத்தல் குற்றமன்று. இத்தகைய விழா மலர்கள் அச்சேறுவதற்கும் வர்த்தகர் தரும் விளம்பரங்கள் துணைசெய்கின்றன. ஆயின், அவை பணத்தைக் கையில் உடையாரை நோக்கிப் பேசுவன. அவர் வேண்டின் வாங்குவர், வேண்டாவிடின் பக்கத்தைப் புரட்டுவர். பாலரை நோக்கிய விளம்பரமோ, பணமில்லாதவரிடத்துப் பேசிப் பணமுடையவரை அசைப்பது. இங்கே பிள்ளை வாங்குவோனுமல்லன், விற்போனுமல்லன். கூலி பெறாத தரகன்.

இம்முறை புதிதன்று. 1930களிலே ஓவல்ரின் பானத்தை விற்ற நிறுவனத்தார், லக்சம்பேர்க் வானொலி வாயிலாகப் பிரித்தானியச் சிறுவர்க்கெனச் சங்கமொன்று கண்டு, அங்கத்தவர்க்குச் சின்னமும் இரகசியக் குறிமொழியும் வழங்கினர். இலங்கை வானொலியின் வர்த்தக சேவை 1950இலும், இந்நாட்டில் தொலைக்காட்சி 1979இலும் தொடங்கின. 1990களில் மின்சாரமின்றி இருந்த நம் குடாநாட்டு இல்லங்களில் இக்குரல் பெரிதும் அடங்கியிருந்தது. 2009இல் போர் முடிந்தபின் பண்டங்களும் விளம்பரங்களும் ஒருங்கே வந்து சேர்ந்தன. இன்றோ, கைத்தொலைபேசியிற் கதை பார்க்கும் குழந்தைக்கும் இடையிடையே விளம்பரம் தோன்றுகின்றது.

எட்டு வயதிற்குட்பட்ட சிறுவர், விளம்பரம் தம்மை இணங்கச் செய்வதற்கென எழுந்தது என்பதை அறியமாட்டார். கூறியதை மெய்யென்றே கொள்வர் என அமெரிக்க உளவியற் சங்கத்தின் ஆய்வுக்குழு 2004இல் அறிவித்தது. மெய்யென நம்பிய பிள்ளை தாயிடம் கேட்கும். அழுகைக்கு இணங்காத தாயும் அச்சத்திற்கு இணங்குவாள். இதனை வாங்கிக் கொடாவிடின் பிள்ளை பின்தங்கிவிடுமோ என்னும் ஐயமே பணப்பையைத் திறக்கின்றது. நாட்கூலியில் வாழும் இல்லத்திலே மோல்ட் மாவில் ஒரு பேணி வாங்கினால், அவ்வாரத்து முட்டையும் மீனும் குறைதல் கூடும்.

இவ்விடத்தே தமிழிலக்கணம் நமக்கு உதவும். "தென்னையின் உயர்ந்தது பனை" என்பதில், எதனினும் உயர்ந்தது என்பதை ஐந்தாம் வேற்றுமை காட்டி நிற்கின்றது. விளம்பரமோ "இன்னும் உயரம், இன்னும் வலிமை" என்னும்; எதனினும் என்று கூறாது. ஹோர்லிக்ஸ் பானம் பிள்ளைகளை இன்னும் உயரமாகவும், வலிமையாகவும், கூர்மதியுடையோராகவும் ஆக்கும் என்ற விளம்பரம் நேபாளத் தொலைக்காட்சி வழியே ஐக்கிய இராச்சியத்தில் ஒளிபரப்பாயிற்று. அந்நாட்டு விளம்பர நியம அதிகார சபை, அக்கூற்றுக்குப் போதிய சான்றில்லையென 2008இல் அதனைத் தடைசெய்தது. செய்யுளில் உயர்வு நவிற்சியை அணியென்று அறிந்தே சுவைக்கின்றோம். அணியென்று அறியாத பிள்ளைக்கு அது வாக்குறுதியாகின்றது.

சில நாடுகள் சட்டத்தால் வேலியிட்டன. கனடாவின் கியூபெக் மாகாணம் 1980 முதல் பதின்மூன்று வயதிற்குட்பட்டோரை நோக்கிய வர்த்தக விளம்பரத்தை விலக்கியது. சுவீடன் 1991இல் தொலைக்காட்சியிற் பன்னிரண்டு வயதிற்குட்பட்டோரை நோக்கியதைத் தடுத்தது. இலங்கையிலே 2016 முதல் இனிப்புப் பானங்களின் போத்தல்களிற் சீனியின் அளவைச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்கள் காட்டுகின்றன. அந்நிறக் குறியைச் சிறுவரும் அறிந்துகொள்ளலாம்.

எனினும், சட்டம் எட்டாத இடம் வீட்டுத் திண்ணை. பிள்ளை ஒன்றைக் கேட்கும்போது அதட்டி அடக்குதலும், அழுகை தாங்காது வாங்கிக் கொடுத்தலும் ஒருங்கே தவறு. "இது யார் சொன்னது? ஏன் சொன்னார்? எதனினும் நல்லது?" என மூன்று வினாக்களைக் கேட்கப் பழக்குக. இலவசப் பொம்மையுடன் வரும் பொதியையும், அஃதின்றி வரும் பொதியையும் கடையிலே கையிற் கொடுத்து, நூறு கிராமின் விலையைக் கணக்கிடச் செய்க. உழுத்தங்களியும் எள்ளுருண்டையும் விளம்பரம் செய்யப்படாமையாற் சத்தில்லாதன ஆகா என்பதையும் உணர்த்துக.

பழைய மாணவர்க்கும் ஒரு வேண்டுகோள். விளையாட்டு விழாவிற்கு நன்கொடை தேடுங்கால், கொடுப்போர் தம் பண்டத்தின் பெயரைத் திடலெங்கும் நாட்டக் கேட்பின், அதனைப் பார்ப்போர் யாவர் என்பதையும் எண்ணுக. பாடசாலை கூறுவது அனைத்தும் மெய் என்றே சிறுவர் நம்புகின்றனர். அந்நம்பிக்கை விலைக்குத் தரற்பாலதன்று.